கேம் சர்வரில் ‘முன்னுரிமை பாஸ்’ வாங்காதீர்கள், என் 3,499 ரூபாய் போச்சு

இன்னும் கோபம் அடங்கவில்லை. ஆன்லைன் ரோல்ப்ளே கேம் சர்வர் ஒன்றில், கியூவில் முந்திப் போக முன்னுரிமை பாஸ் என்று சொல்லி என்னிடம் 3,499 ரூபாய் வாங்கிவிட்டு, இப்போது கையை விரித்துவிட்டார்கள். பெயர் போடவில்லை. கார் ஓட்டலாம், கடை வைக்கலாம், போலீஸாக நடிக்கலாம் என்ற வகை. தனி ஆட்கள் நடத்துவது. நீங்கள் என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த சர்வரில் 200 பேருக்குத்தான் இடம். வேலை முடிந்து ராத்திரி லாகின் செய்தால் உள்ளே போகவே நள்ளிரவாகிவிடும். அதற்குள் நண்பர்கள் தூங்கப் போயிருப்பார்கள். நடுவில் நெட் ஒரு நொடி துண்டித்தால் மறுபடி கியூவின் கடைசியில்.

இதை அவர்களுடைய டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் புலம்பியபோது ஓர் அட்மின் தனியாகப் பேசினான். “அண்ணா, பாஸ் எடுத்துக்கோங்க. ஆறு மாசத்துக்கு 3,499. அஞ்சு நிமிஷத்துல உள்ள இருப்பீங்க, நான் கேரண்டி.” நெட் போனால்? “பத்து நிமிஷம் உங்க இடம் அப்படியே இருக்கும்ணா.” சரிப்படாவிட்டால்? “ஒரு வாரத்துக்குள்ள சொல்லுங்க, முழுப் பணமும் வந்துடும்ணா.” கேட்டதற்கெல்லாம் தமிழில், பொறுமையாகப் பதில். தானியங்கி பாட் (bot) அனுப்பும் ஆங்கிலப் பதில்களையே பார்த்துப் பழகிய எனக்கு அந்தப் பேச்சே நம்பிக்கை தந்தது. அவன் கொடுத்த யுபிஐ ஐடிக்கு உடனே அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை பாஸோடு போனால் கியூவில் என் எண் 143. முன்னால் நின்றவர்களும் பாஸ் வாங்கியவர்களாம்! சிறப்பு தரிசன வரிசை பொது வரிசையைவிட நீண்டுபோன கதைதான். பாஸ் புதிதாக ஓர் இடத்தையும் உண்டாக்காது, இருக்கிற வரிசையைத்தான் மாற்றி அடுக்கும். அன்றைக்கும் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

2021 டிசம்பரில் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமுக்கு எண்ட்வாக்கர் என்ற புதிய பாகம் வந்தபோதும் மணிக்கணக்கில் கியூ. வரிசையில் நின்றவர்களையே 2002 எரர் வெளியே தள்ளியது. அந்த நிறுவனம் கேம் விற்பதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்து, சந்தா கட்டியவர்களுக்கு மொத்தம் 21 நாள் இலவசமாகக் கொடுத்தது. இடமில்லை என்றால் விற்பதை நிறுத்த வேண்டும், அதுதான் நேர்மை. இவர்களுக்கோ நெரிசல்தான் பிழைப்பு. கியூ குறைந்தால் பாஸ் யார் வாங்குவார்கள்?

சர்வர்க்காரர்களிடம் புகார் டிக்கெட் போட்டேன். “வீக்எண்ட் லோடு ப்ரோ, புரிஞ்சுக்கோங்க.” அடுத்து, “டெவலப்பர் டீமுக்குச் சொல்லியாச்சு.” அப்புறம் டிக்கெட்டையே மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தால், “டொனேஷனுக்கு ரீஃபண்ட் கிடையாது.” விலை சொல்லி விற்ற பாஸ் எப்போது டொனேஷன் ஆனது? அண்ணா அண்ணா என்றவன், “நான் இப்ப ஸ்டாஃப் இல்ல ப்ரோ” என்கிறான். டிஸ்கார்டின் பொது சேனலில் கேட்டதும் என்னை பேன் (ban) செய்து, உள்ளே வரவே முடியாமல் தடுத்துவிட்டார்கள். 3,499 ரூபாயும் போச்சு, மாதக்கணக்கில் வளர்த்த கேரக்டரும் போச்சு. டிக்கெட்டில் பேசியதைக்கூட இப்போது பார்க்க முடியவில்லை.

எனவே, பேசும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எத்தனை பாஸ் விற்றிருக்கிறார்கள் என்று கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். தனி ஆளின் யுபிஐக்கு அனுப்பாதீர்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், நானும் புகார் கொடுக்கிறேன். இந்த 3,499 ரூபாயை நான் விடுவதாக இல்லை. அங்கே இன்றைக்கும் பாஸ் விற்கிறார்கள், வாங்க நினைக்கும் நண்பர்கள் இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள்.