குறைந்த சூட்டுல ஓடுற பசைன்னு நம்பி மூணு லட்சம் போச்சு. நாப்கின், டயப்பர் தயாரிக்கிறவங்க படிங்க

இன்னிக்குக் காலையில, பசை வாங்கின ஆன்லைன் தளத்துல இருந்து பதில் வந்திருக்கு: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." கை இன்னும் நடுங்குது. மூணு லட்சம்.

நாப்கின் போடுற சின்ன யூனிட் எங்களுது. வழக்கமான ஹாட் மெல்ட் பசையை, அதாவது உருக்கி ஊத்தி ஒட்டுற பசையை, 150, 160 டிகிரிக்குச் சூடாக்கணும். அடியில வர்ற பாலித்தீன் ஷீட்டோ 110 டிகிரி பக்கத்துலயே இளகிடும். ஷீட் மெல்லிசா இருந்தா பசை விழுந்த இடமெல்லாம் ஓட்டை. அதுக்குத்தான் 130லயே ஓடுற பசையைத் தேடினேன். மொத்த வியாபாரத் தளம் ஒண்ணுல ஒருத்தர் கிடைச்சார்.

அரைக் கிலோ சாம்பிள் அனுப்பினார். 130ல சீரா ஓடுச்சு, ஷீட்ல ஒரு பொத்தல் இல்ல. வீடியோ கால்ல வந்து, "அக்கா, முழுப் பணமும் போட்டுடுங்க, நாளைக்கே லோடு ஏத்திடறேன்"னார். அவர் அனுப்பின டேட்டா ஷீட்ல, எந்தத் தடவை தயாரிச்ச சரக்குன்னு காட்டுற பேட்ச் நம்பரே இல்ல. கண்ணுல பட்டுச்சு. அக்கான்னு கூப்பிட்ட மனுஷன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன். மூணு லட்சத்தையும் அனுப்பிட்டேன்.

வந்த பெட்டியில லேபிள் அதேதான், உள்ள இருந்தது வேற. 130ல பாகு மாதிரி இழுக்குது, பசை வெளிய வர்ற நாசில்ல வரவே இல்ல. 160க்கு ஏத்தினப்புறம்தான் ஓடுச்சு, ஷீட் பூரா பொத்தல். மெஷினை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததுல டேங்க்ல கிடந்த பசை கருகி நாசிலையும் அடைச்சுடுச்சு. இன்னொரு பெட்டி இதுக்கு நேர்மாறு. நல்லா ஓடுச்சு, ஆனா ரெண்டே நாள்ல எண்ணெய் கசிஞ்சு, நாப்கின் பின்பக்கம் பசையை மூடியிருக்கிற ரிலீஸ் பேப்பரை உரிச்சா பசையும் கூடவே வருது. ஒரு பொண்ணு இதை நம்பி வெளிய போனா என்ன ஆகும்? அத்தனையையும் கிழிச்சுப் போட்டேன்.

போன் பண்ணினா அக்கா இப்ப மேடம் ஆயிட்டேன். "உங்க ஹீட்டர் சரியில்ல மேடம்." அதே ஹீட்டர்லதானே சாம்பிள் ஓடுச்சு! அடுத்த நாள் "ஓனர் வெளியூர்." அப்புறம் போனே எடுக்கல. தளத்துல கேட்டா, பெட்டியைப் பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்னு சொல்றாங்க. பிரிக்காம எப்படி உருக்கிப் பாக்கறது? ஓட்டை விழுந்த ஷீட்டோட போட்டோ நாலு தடவை அனுப்பினேன். மூணு லட்சத்துக்குக் கிடைச்சது ஒரு வரி பதில்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. பேட்ச் நம்பரோட சான்றிதழ் வாங்குங்க. நீங்க ஓட்டப்போற சூட்டுல விஸ்காசிட்டி (பசை எவ்வளவு கெட்டியா இருக்குங்கிற அளவு) எவ்வளவு, எந்தச் சூட்டுல இளகுதுன்னு ரெண்டும் அதுல இருக்கணும். சாம்பிள்ல கொஞ்சம் எடுத்து வெச்சுக்கோங்க. லோடு வந்து ஓட்டிப் பாக்காம மீதிப் பணம் தராதீங்க. டேங்க்ல பழைய பசையோட கலக்காதீங்க, அப்புறம் அதையே காரணமா சொல்லிடுவாங்க.

டேங்க்ல கருகினதைச் சுரண்டணும், போறேன்.