99 தடங்கள், எட்டே உருப்படிகள்

அமெரிக்க ராக் குழுவான நைன் இன்ச் நெயில்ஸின் 'புரோக்கன்' குறுந்தகட்டைப் பழைய இசைத்தட்டுகள் விற்கும் ஒரு கடையில் வாங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அட்டை உறையின் மடிப்புகள் வெளுத்து, ஒரு மூலை ஒட்டுநாடாவின் தயவில் நிற்கிறது. தகட்டில் மட்டும் பழுதில்லை.

வாங்கிய அன்று பிளேயரில் போட்டதும் திரையில் 99 என்று காட்டியது. கோளாறு என்று நினைத்து வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் 99. ஆறு தடங்கள் ஏறக்குறைய 21 நிமிடங்களில் முடிந்தன. பிறகு சத்தமே இல்லை. எண் மட்டும் 7, 8, 9 என்று ஏறிக்கொண்டிருந்தது. அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் கழித்து, காரில் முதல் தடத்தைத் திரும்பக் கேட்கப் பின்னோக்கும் பொத்தானை இருமுறை அழுத்தியபோது பிளேயர் நேராக 99க்குத் தாவியது. அதுவரை கேட்டிராத பாட்டு ஒன்று காருக்குள் வெடித்தது. கடைசி இரண்டு தடங்களிலும் பாட்டு இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த விளையாட்டுக்குக் காரணம் உண்டு. 1992 செப்டம்பரில் வெளியான முதல் 2,50,000 பிரதிகளில் அந்த இரு பாட்டுகளும் மூன்று அங்குலச் சிறு தகட்டில் தனியே வந்தன. சில கடைக்காரர்கள் சிறு தகட்டைப் பிரித்துத் தனி விலைக்கு விற்கத் தொடங்கியதும், அடுத்த பதிப்புகளில் இரண்டையும் பெரிய தகட்டின் 98, 99ஆம் தடங்களாக ஏற்றிவிட்டார்கள். ஒரு குறுந்தகட்டில் 99 தடங்களுக்கு மேல் இட முடியாது. நடுவில் 7 முதல் 97 வரை வெறும் மௌனம்.

இசைக்கு வருகிறேன். 1989இல் வந்த முதல் தொகுப்பான 'பிரிட்டி ஹேட் மெஷின்' சின்தசைசரை நம்பியது. அதற்கு ஆடவும் முடியும். 'புரோக்கன்' கிதாரைக் கையில் எடுத்துக்கொண்ட கோபம். TVT என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தோடு குழுவின் தலைவர் டிரெண்ட் ரெஸ்னருக்குத் தகராறு முற்றியிருந்த காலத்தில், நிறுவனத்துக்குத் தெரியாமல் பதிவான இசை இது. உடன் தயாரித்தவர் ஃபிளட். 'பினியன்' ஒரு நிமிடம்தான். ஏதோ ஒரு இயந்திரம் தூரத்திலிருந்து நம்மை நோக்கி வருவதுபோல ஏறும். சட்டென்று 'விஷ்' தொடங்கும்: விரைந்து ஓடும் டிரம், அதன் மேல் அடக்கிய குரல். இந்த இடத்தில் ஒலி போதவில்லை என்று நினைத்துக் கூட்டுவீர்கள். கூட்டாதீர்கள். அடுத்து வரும் கிதார் அரம் கொண்டு இரும்பை ராவுவதுபோல இருக்கும். பதினான்கு ஆண்டுகளில் நான்கு ஹெட்ஃபோன்கள் மாற்றிவிட்டேன், நான்கிலும் அந்த இடத்தில் கை தானாக ஒலியைக் குறைக்கப் போனது. இந்தப் பாட்டுக்குச் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி விருது கிடைத்தது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மெட்டல் ரசிகர்களிடம் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் இதை மெட்டல் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

வாங்கிய புதிதில் நான் தாண்டிப்போனது நான்காவது தடத்தை. பாடலே இல்லாத, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான கிதார் துண்டு. இப்போது அதற்காகத்தான் தகட்டை எடுக்கிறேன். அதைத் தாண்டிவிட்டு 'ஹேப்பினஸ் இன் ஸ்லேவரி'க்குப் போனால் வெறும் இரைச்சல்; அதைக் கேட்டுவிட்டுப் போனால் அந்த இரைச்சலுக்கு ஒரு வடிவம் வருகிறது. (அந்தப் பாட்டின் காணொளியைத் தேட வேண்டாம். தேடுவீர்கள் என்றால் சாப்பிடுவதற்கு முன் தேடுங்கள்.) 'லாஸ்ட்' மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை, ஒரே அடியை நாலே முக்கால் நிமிடம் அடிக்கிறது.

ஒளிந்திருக்கும் இரண்டில் 'ஃபிசிகல்' ஆடம் அண்ட் தி ஆன்ட்ஸ் குழுவுடையது. 'சக்' பிக்ஃபேஸ் குழுவோடு ரெஸ்னர் முன்பு செய்தது. இரண்டும் நன்றாக இருந்தாலும் முதல் ஆறின் சினம் இவற்றில் இல்லை. தனித் தகட்டில் வைத்தது சரிதான்.

தகட்டைக் கணினிக்கு மாற்றியது பெரிய தொல்லை. 91 மௌனக் கோப்புகளும் சேர்ந்து வந்தன. கைபேசியில் பாட்டுகளைக் கலைத்துக் கேட்கும்போதெல்லாம் பஸ்ஸில் திடீர் அமைதி. காதுக்கருவி பழுதாகிவிட்டது என்று எத்தனை முறை ஏமாந்தேன்! எல்லாவற்றையும் அழித்தால் ஆறாவது தடமான 'கேவ் அப்' முடிந்த மூச்சிலேயே 'ஃபிசிகல்' வந்து மோதுகிறது. கடைசியில் பத்து மௌனங்களை மட்டும் விட்டுவைத்தேன்.

1992 டிசம்பரில் வந்த 'ஃபிக்ஸ்ட்' இந்தப் பாட்டுகளின் மறுகலவை. இரண்டு முறை கேட்டேன், போதும். 2017இல் வந்த வினைல் பதிப்பு கூடுதல் பாட்டுகளை மறுபடியும் தனிச் சிறு தட்டுக்கு அனுப்பியிருக்கிறது. தட்டுச் சுழலி இருந்தால் அதையே வாங்குங்கள்.

பழைய முதற்பதிப்பு கிடைத்தால் சிறு தகடு உள்ளே இருக்கிறதா என்று உறையைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கிடைத்த பின் அதைக் காரின் துவாரத்தில் செருக வேண்டாம். என் நண்பர் செருகினார். உள்ளே போனது வெளியே வரவில்லை. மெக்கானிக் முகப்பைக் கழற்றி இடுக்கியால் எடுத்துத் தந்தார், ஒரு கீறலோடு. 'சக்' பாதியில் தாவுகிறது; அதை முழுதாகக் கேட்க வேண்டுமானால் அவர் என் வீட்டுக்கு வருகிறார்.