ஆஸ்திரேலியா போறவங்களுக்கு ‘சிட்டி செலக்‌ஷன் பேக்கேஜ்’: 18,000 ரூபா கட்டுன எங்க அனுபவம்

மார்த்தாண்டம் ஏரியால ஒரு கன்சல்டன்சி, விசா பேப்பர் வேலையும் பாக்குறாங்க, கூடவே நீங்க எந்த ஊர்ல போய் குடியிருந்தா நல்லதுன்னு ஆராய்ஞ்சு ரிப்போர்ட் தர்றோம்னு தனியா ஒரு பேக்கேஜும் வச்சிருக்காங்க, 18,000 ரூபா. பேரு போடல. அங்க எங்க பேப்பர் பாத்த அக்கா மேல எனக்கு மரியாதை இருக்கு, அவங்க வேலைக்கு என்னால எதுவும் வந்துடக்கூடாது. ஆனா நம்ம களியக்காவிளை, குழித்துறை, பாறசாலை பக்கம் நர்ஸ் இல்லாத தெரு இல்ல, அதுல எத்தன வீட்ல இப்ப இதே பேச்சுன்னு எனக்கு தெரியும், அதனால நடந்தத அப்படியே எழுதுறேன்.

எங்க நெலம இது. வீட்டுக்காரி நர்ஸ், 34 வயசு, திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரி ஐசியூல ஒம்பது வருஷம். நான் ஹெவி வண்டி மெக்கானிக், பாறசாலை பக்கம் ஒர்க்‌ஷாப்ல வேலை, கல்லு ஏத்திட்டு கேரளா போற டாரஸ் லாரியும் ஜேசிபியும் தான் என் கைல வர்றது. மகளுக்கு ஆறு வயசு. அப்பா இல்ல, அம்மா எங்க கூட தான், நாங்க போனா அம்மா இங்க தனியா. கன்சல்டன்சிக்கு கட்டுனது இருபது சென்ட்ல நிக்குற ரப்பர்ல ஷீட் அடிச்சு வித்த காசு.

முதல்ல நல்லத சொல்றேன். பேப்பர் வேலை சுத்தம். இந்த விசாவுக்கு வயசு, படிப்பு, அனுபவம் எல்லாத்துக்கும் பாயிண்ட் போட்டு தான் ஆள எடுப்பாங்க. வீட்டுக்காரிக்கு வயசுக்கு 25 பாயிண்ட், ஐஇஎல்டிஎஸ்ல நாலு பகுதிலயும் ஏழு எடுத்ததுக்கு 10, டிகிரிக்கு 15, எட்டு வருஷத்துக்கு மேல எக்ஸ்பீரியன்ஸுக்கு 15, மொத்தம் 65. நானும் இங்கிலீஷ் எக்ஸாம் எழுதுனா இன்னும் 5 வரும்னு அந்த அக்கா தான் சொன்னாங்க, எழுதி வாங்கி 70 ஆச்சு. அதுக்கு மேல ஸ்டேட் நாமினேஷன், அதாவது அங்க ஒரு மாநில அரசே இவங்க எங்களுக்கு வேணும்னு சிபாரிசு பண்றது, 190ங்கற நிரந்தர விசான்னா 5 பாயிண்ட், 491ங்கற தற்காலிக விசான்னா 15. 85 பாயிண்டோட 491ல போனா வாய்ப்பு கூடுதல்னு கணக்கு போட்டு ஒரு பேப்பர்ல எழுதியே தந்தாங்க. ஒரு டாக்குமெண்ட் கூட திரும்பி வரல. இதுக்கு அஞ்சுக்கு நாலரை தாராளமா குடுப்பேன்.

இனி சிட்டி ரிப்போர்ட். பதினாலு பக்கம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். முதல் இடம் மெல்போர்ன், ரெண்டாவது சிட்னி, மூணாவது அடிலெய்டு, அப்புறம் பிரிஸ்பேன், கடைசில பெர்த். காரணம்னு பாத்தா நம்ம ஆளுங்க அதிகம், கோயில் இருக்கு, சர்ச் இருக்கு, இந்தியன் கடை இருக்கு, வேலை வாய்ப்பு அதிகம். வாசிச்சு எனக்கு ஒரே சந்தோஷம், அம்மாகிட்ட மெல்போர்ன்னு பேரே சொல்லிக்குடுத்தாச்சு. ராத்திரி டியூட்டில இருந்த வீட்டுக்காரிக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன், காலைல ரெண்டே வரி பதில், “அத்தான், நமக்கு 491. அதுல மெல்போர்ன்ல இருக்கவே முடியாது.”

அது தான் உண்மை. 491ங்கறது ரீஜனல் விசா, அஞ்சு வருஷம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூணு பெருநகரத்தையும் விட்டு வெளிய தான் இருக்கணும், வேலை பாக்கணும், படிக்கணும், அது அவளுக்கு மட்டும் இல்ல எனக்கும் பிள்ளைக்கும் சேத்து தான். மூணு வருஷம் விசால இருந்து வருமான வரி நோட்டீசும் காட்டினா தான் 191ங்கற நிரந்தர விசாவுக்கு போக முடியும். பெர்த்தும் கோல்ட் கோஸ்ட்டும் 2019 நவம்பர்ல ரீஜனல் லிஸ்ட்ல வந்தாச்சு, அடிலெய்டு, கான்பெரா, ஹோபார்ட் எல்லாம் ரீஜனல் தான். ஆக அவங்க போட்ட அஞ்சுல மூணு ஊரு எங்களுக்கு கெடையாது. எனக்கு மனசு விட்டுப்போனது எதுலன்னா, 491ன்னு எழுதித் தந்த அக்கா மேசைக்கும் ரிப்போர்ட் போட்ட தம்பி மேசைக்கும் நடுவுல பத்தடி கூட இருக்காது, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இத நம்பி ஒருத்தன் குடும்பத்த கொண்டு போய் மெல்போர்ன்ல வீடு எடுத்திருந்தா நிரந்தர விசா என்ன ஆகும்?

அடுத்தது வாடகை. ரெண்டு பெட்ரூம் வீடு 520ன்னு போட்டிருந்தாங்க, மாசமா வாரமான்னு இல்ல. நான் மாசம்னு நெனச்சு குடும்பக் கணக்கு முழுசும் போட்டுட்டேன். ஆஸ்திரேலியால வாடகை வாரக் கணக்கு. 520ன்னா மாசத்துக்கு 2,250 டாலர் வருது, நம்ம காசுக்கு லட்சத்துக்கு மேல. போன உடனே நாலு வார வாடகை பாண்டு, அதாவது டெபாசிட், ரெண்டு வாரம் அட்வான்ஸ், ஆக வீட்டு சாவி வாங்கவே 3,120 டாலர் கையில வேணும். முன்ன வாடகைக்கு இருந்த ரெக்கார்டும் கேப்பாங்களாம், சொந்த வீட்லயே பொறந்து வளந்தவனுக்கு அது ஏது, அதுக்கு பதிலா என்ன காட்டலாம்னு ரிப்போர்ட்ல ஒரு வரி இருந்திருந்தா உதவியா இருந்திருக்கும்.

திரும்ப போய் கேட்டப்ப தம்பி மரியாதையா தான் பேசுனாரு, “சார், இது ஜெனரல் ரேங்கிங், எல்லா கிளையண்டுக்கும் இது தான்”னு சொன்னாரு. அப்ப அதுக்கு எதுக்கு 18,000ன்னு கேட்டேன், பதில் இல்ல. பணம் திரும்ப தரமாட்டோம், விசா ஃபீஸ்ல 5,000 கொறச்சுக்கறோம்னு சொன்னாங்க, கொறச்சாங்க, அத மறைக்கக்கூடாது. அங்கேயே இருக்குற ஒரு பழைய கிளையண்ட் அண்ணன்கூட வீடியோ காலும் போட்டுக் குடுத்தாங்க, பதினாலு பக்கத்துல கெடைக்காதது அந்த அரை மணி நேரத்துல கெடச்சது. வாடகை வாரக் கணக்குன்னு சொன்னதே அவரு தான்.

அப்புறம் நாங்களே உக்காந்தோம். நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் அங்க ஆப்ராங்கற ஒரே அமைப்பு நாடு முழுக்க தருது, எந்த ஸ்டேட்டுக்கும் செல்லும், கனடா மாதிரி மாகாணத்துக்கு மாகாணம் தனி லைசென்ஸ் இல்ல. அதனால அவ வேலைய வச்சு ஊர் முடிவு பண்ண வேண்டியதில்லைன்னு ஆச்சு, மிச்சம் அடிலெய்டும் பெர்த்தும்.

வீட்டுக்காரிக்கு அடிலெய்டு மேல ஆசை. ஓஸ்கிங்கற நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் செய்முறை எக்ஸாமுக்கு அங்க தான் போனா, ஒரு வாரம் இருந்தா, ஜூலை மாசக் குளிர்ல. நடு ஊருக்குள்ள டிராம் ஃப்ரீ, ஊர சுத்தி வட்டமா பூங்கா, எக்ஸாம் முடிஞ்சு தனியா நடந்தும் பயம் தோணலன்னு சொன்னா. இந்தியன் கடைல ஃபிரீசர தெறந்து துருவுன தேங்கா பாக்கெட்டும் மரச்சீனி பாக்கெட்டும் எனக்கு வீடியோ கால்ல காட்டுனா, மரச்சீனி ஐஸ் பிடிச்சு வெள்ளக் கல்லு மாதிரி இருந்துச்சு, அம்மா பக்கத்துல இருந்து “அத எப்படி மக்ளே வேகவப்பே”ன்னு கவலப்பட்டாங்க. வெயில் மட்டும் கொடுமை, 2019 ஜனவரி 24ல 46.6 டிகிரி அடிச்ச ஊரு அது, நமக்கு கடல் காத்தும் ரெண்டு மழையும் பழக்கம்.

என் வேலைக்கு பெர்த். வடக்க பில்பாரா இரும்புச் சுரங்கத்துக்கு ஆளுங்க அங்க இருந்து தான் ஃபிளைட்ல போய் வர்றாங்க, ஹெவி டீசல் மெக்கானிக்குக்கு தேவை இருக்கு. ஆனா ரெண்டு வாரம் சுரங்கம் ஒரு வாரம் வீடுன்னா அவ நைட் டியூட்டி போறப்ப பிள்ளைய யாரு பாப்பா, அது நமக்கு சரிவராது. வெல்ஷ்பூல், கியூடேல் பக்கம் லாரி ஒர்க்‌ஷாப்புகள் இருக்கு, அங்க தான் தேடப்போறேன்.

கடைசில முடிவு பண்ணது அம்மா ஃபோன். பெர்த்துக்கும் நமக்கும் ரெண்டரை மணி நேரம் தான் வித்தியாசம், வருஷம் முழுக்க அதே தான், அங்க கடிகாரத்த மாத்துறதில்ல. அடிலெய்டு நாலு மணி நேரம், அவங்க கோடை, அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரை, கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்ன தள்ளி வைக்கிறதால அஞ்சு. அம்மா சாயங்காலம் ஜெபம் முடிச்சு ஏழு மணிக்கு கூப்பிட்டா பெர்த்ல ஒம்பதரை, பிள்ள தூங்கப் போற நேரம், ஒரு முத்தம் குடுத்துட்டு படுக்கலாம். அடிலெய்டுல பதினொண்ணு, கோடைல நடு ராத்திரி. அவசரம்னா திருவனந்தபுரம் வர்ற தூரமும் கொறவு, சிங்கப்பூர்ல இருந்து பெர்த் அஞ்சு மணி நேர ஃபிளைட் தான். இத சொன்னப்ப வீட்டுக்காரி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் “சரி அத்தான், பெர்த்துக்கே போடுவோம்”னா. வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா நாமினேஷனுக்கு போட்டாச்சு.

ஆக பேப்பர் வேலைக்கு இவங்கள தாராளமா நம்பலாம், சிட்டி பேக்கேஜுக்கு அஞ்சுக்கு ஒண்ணு, அந்த ஒண்ணும் வீடியோ காலுக்கு. எந்த ஆபீஸ் போனாலும் ஏஜென்டோட மாரா ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேளுங்க, மாராங்கறது ஆஸ்திரேலியால விசா ஏஜென்டுகள பதிவு பண்ற அரசு அமைப்பு, ஏழு இலக்கம் இருக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வெளிய உக்காந்து வேலை பாக்குறவங்க பதிஞ்சே ஆகணும்னு சட்டம் இல்ல, அதனால கேட்டா தான் தெரியும். ரிப்போர்ட் ஃபார்ம்ல முதல் கேள்வியா விசா நம்பரும் ரெண்டாவதா வீட்ல இங்க யார விட்டுட்டு போறீங்கன்னும் சேருங்கன்னு அந்த தம்பிகிட்ட எழுதியே குடுத்துட்டு வந்திருக்கேன்.