ரீஃபண்டில் பத்து சதவீதம் கேட்பவரிடம் படிவம் 16-ஐக் கொடுக்காதீர்கள்

மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியம் பெறும் பெரியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து தருவதாகச் சொல்லி, நாங்கள் கொடுக்காத நன்கொடையையும் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத நோயையும் கணக்கில் ஏற்றி, அதனால் வந்த ரீஃபண்டில் கமிஷனும் வாங்கிக்கொண்டு, பின்னால் துறையிலிருந்து வந்த செய்திகள் எங்கள் கண்ணில் படாதபடியும் செய்துவைத்த ஒருவரிடம் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் பலர் ஏமாந்திருக்கிறோம். புகார் கொடுத்திருப்பதால் அவருடைய பெயரையோ கடையின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. அவர் ஒருவர் மட்டுமல்ல, இதே முறையில் இயங்குபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்பது இப்போது தெரிகிறது. ஆகவே ஆளைவிட முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

2023-ஆம் ஆண்டு ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தும், டெல்டாவில் தண்ணீர் போதாமல் பல இடங்களில் குறுவை கருகியது. எங்கள் பள்ளியில் பாதிப் பேருக்குச் சம்பளத்தோடு கொஞ்சம் நிலமும் உண்டு என்பதால், அந்த ஆண்டு எல்லோருக்குமே கை கடித்தது. சம்பளத்தில் பிடித்த வரிக்குச் சான்றாகத் தரப்படும் படிவம் 16 எங்கள் கைக்கு வந்த நாட்களில்தான், பேருந்து நிலையம் அருகே கணினி மையம் வைத்திருக்கும் அந்த நபர் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்தார். தாக்கலுக்குக் கட்டணம் எதுவும் வேண்டாம், பிடித்த வரியில் பெரும்பகுதி திரும்ப வரும், வந்த பிறகு அதில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும் என்றார். சட்டப்படி இதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டவர்களிடம், ஆசிரியர்களுக்கென்று தனியாகச் சில சலுகைகள் இருப்பதாகவும் அவற்றைப் பெரும்பாலான ஆடிட்டர்கள் எடுத்துச் சொல்வதில்லை என்றும் விளக்கினார். அப்படித் தனிச்சலுகை எதுவும் கிடையாது.

படிவம் 16, பான், ஆதார் நகல்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றை வாங்கிச் சென்றார். சில நாட்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, "ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க டீச்சர், வேலை முடிஞ்சுது" என்றார். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் அந்த ஓடிபிதான் வரிக் கணக்கில் நாம் இடும் கையெழுத்து. உள்ளே எழுதியிருப்பது அனைத்தும் நான் அறிந்தவரை உண்மை என்று உறுதிமொழி கொடுப்பதற்கு அது சமம். கையெழுத்து வாங்குவதற்கு முன்பு படிவத்தை ஒருமுறை காட்ட வேண்டும் என்ற அடிப்படை நேர்மைகூட அவரிடம் இல்லை. ஆகஸ்டு மாதம் என் கணக்கில் 41,600 ரூபாய் வந்தது. அவர் கேட்ட 4,160 ரூபாயை அனுப்பினேன். அடுத்த ஆண்டும் அவரே தாக்கல் செய்தார். ஆனால் அந்த ஆண்டு பள்ளியில் புதிய வரிமுறைப்படி வரி பிடித்திருந்தார்கள், அதில் நன்கொடை, நோய்ச் செலவு என்று வருமானத்தில் கழித்துக் காட்டும் இத்தகைய கழிவுகளுக்கு இடமில்லை. அதனால் ரீஃபண்டும் வரவில்லை, கமிஷனும் கேட்கவில்லை.

2025 பிப்ரவரியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முந்தைய ஆண்டுகளின் வரிக் கணக்கை வங்கியில் கேட்டார்கள். கணினி மையக்காரரிடம் கேட்டதற்கு, ஒரே பக்கமுள்ள ஒப்புகைச் சீட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். அது போதாது, முழுப் படிவமும் கணக்கீட்டுத் தாளும் வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். மறுபடி கேட்டேன். "பாஸ்வேர்டு எல்லாம் உங்களுக்கு எதுக்கு டீச்சர், நான் பாத்துக்கிறேன்" என்றவர், அதன்பின் அழைப்பையே எடுக்கவில்லை. என் அண்ணன் மகள்தான், கடவுச்சொல் தெரியாவிட்டாலும் ஆதார் ஓடிபியைக் கொண்டு அதை நாமே மாற்றிவிடலாம் என்று சொல்லி உடன் உட்கார்ந்து திறந்து கொடுத்தாள்.

முழுப் படிவத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அரசியல் கட்சிக்கு நன்கொடை என்று 80ஜிஜிசி பிரிவில் 1,30,000 ரூபாய் போட்டிருந்தது. எந்தக் கட்சிக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற கடும் நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான 80டிடிபி பிரிவில் 40,000 ரூபாய். சொந்த வீட்டில் குடியிருக்கும் எனக்கு வாடகைப் படிக்கான விலக்காக 30,000 ரூபாய். ஆக மொத்தம் இரண்டு லட்சம் ரூபாய் என் வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டு, 7,60,000 ரூபாயாக இருந்த வரிக்குரிய வருமானம் 5,60,000 ஆகியிருந்தது. இருபது சதவீத அடுக்கில் அந்த இரண்டு லட்சத்துக்கு 40,000 ரூபாய் வரி, அதன்மேல் நான்கு சதவீதச் செஸ் 1,600 ரூபாய். எனக்குக் கிடைத்த 'சலுகை' இதுதான். குடும்பத்தில் யாருக்கோ கொடிய நோய் என்று என் பெயரில் ஒருவர் எழுதிவைத்திருந்ததைப் படித்தபோது ஏற்பட்ட பதைப்பு பணம் போனதைவிடப் பெரிது.

அதைவிட ஆபத்தானது சுயவிவரப் பக்கத்தில் இருந்தது. அங்கே பதிவாகியிருந்த மின்னஞ்சல் முகவரி என்னுடையதல்ல, கைப்பேசி எண்ணும் அவருடையது. கோரிய கழிவுகளைச் சரிபார்த்து, தவறிருந்தால் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யுங்கள் என்று துறையிலிருந்து வந்த செய்தியும் அந்த முகவரிக்கே போயிருந்தது. அவர் அதைத் திறந்து பார்த்தாரா என்பதே சந்தேகம். நூறு பேருக்குச் சில முகவரிகளை உருவாக்கி, தாக்கல் முடிந்ததும் அவற்றைக் கைவிட்டுவிடுவதுதான் இவர்கள் வழக்கம் என்று பிறகு அறிந்தேன். 2025 ஜூலை 14-இல் இத்தகைய இடைத்தரகர்களுக்கு எதிராக நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித் துறை நடத்திய சரிபார்ப்பைப் பற்றிய அரசு அறிக்கையிலும், தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்று சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாடும் அந்த அறிக்கையில் பெயர் சொல்லப்பட்ட மாநிலங்களில் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தங்கள் கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள் என்றும் அதில் இருக்கிறது.

கடைக்கு நேரில் போய்க் கேட்டபோது, அவர் துளியும் அசரவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம் டீச்சர். சிஸ்டமே பாஸ் பண்ணி பணம் வந்துடுச்சே" என்றார். தாக்கல் செய்த கணக்கை இயந்திரம் ஏற்றுக்கொண்டு பணம் அனுப்புவது முதல் கட்டம் மட்டுமே. ஆதாரம் கேட்டுத் துறை பிறகும் வரலாம் என்பதை அவர் அறியாதவர் அல்ல. கமிஷனைத் திருப்பிக் கேட்டேன். "நோட்டீஸ் வந்தா கொண்டுவாங்க, அதுக்கும் பதில் போட்டுத் தர்றேன், ஐயாயிரம் ஆகும்" என்றார்.

உறவினர் ஒருவர் சொல்லி, கும்பகோணத்தில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்யும் ஆடிட்டர் ஒருவரிடம் போனோம். ஒழுங்கான மனிதர் இந்த வேலையை எப்படிச் செய்வார் என்பதை அங்கேதான் பார்த்தேன். அவர் படிவம் 16-ஐக் கையில் வாங்குவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கினார். "வாடகை யாருக்கு அம்மா கொடுக்குறீங்க? நிலம் யார் பேர்ல இருக்கு? குத்தகைக்கு விட்டிருக்கீங்களா? கூட்டுறவு வங்கியில டெபாசிட் இருக்கா? வேற ஸ்கூல்ல கொஞ்ச நாள் வேலை பார்த்தீங்களா?" ஒவ்வொன்றுக்கும் பதிலைக் கையால் குறித்துக்கொண்டார். பிறகு, துறையே தொகுத்து வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் தரவிறக்கி, வங்கி வட்டியையும் பிடித்த வரியையும் அதனோடு ஒப்பிட்டார். வரைவைத் தாளில் எடுத்து, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று சொல்லி, நான் கையொப்பமிட்ட பிறகுதான் கணினிப் பக்கம் திரும்பினார். ஆதாரத்தின் நகல் இல்லாத எந்தக் கழிவையும் போட மாட்டேன் என்பது அவருடைய அலுவலகச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

நிலம் பற்றிய கேள்வி எங்கள் பகுதியில் மிக முக்கியமானது என்று அவர் சொன்னதை அழுத்தி எழுத விரும்புகிறேன். என்னோடு பணிபுரியும் ஒருவருக்கு அரை வேலி நஞ்சை உண்டு. அதைக் குத்தகைக்கு விட்டு, நெல்லாக வாங்கி, கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணத்தை வங்கியில் பெறுகிறார். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அது இருந்தால், சம்பளக்காரர்கள் வழக்கமாகத் தாக்கல் செய்யும் எளிய படிவமான ஐடிஆர்-1-ஐப் பயன்படுத்தக் கூடாது. சம்பளம் விலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால், எந்த அடுக்கில் வரி என்று முடிவு செய்வதற்கு விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். குத்தகையாக வருவதும் விவசாய வருமானமே. அந்தக் கணினி மையக்காரர் அவரிடம் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐடிஆர்-1-இல் தாக்கல் செய்துவிட்டார். வேறு சிலருக்கு இதற்கு நேர் எதிராக, டியூஷன் வருமானத்தை விவசாய வருமானம் என்று காட்டியிருக்கிறார். நிலப்பட்டாவே இல்லாதவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

என் கணக்கைச் சரிசெய்யும்போது, தவறு தெரிந்த பிறகு அதை மூடி வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய முடியாது என்று ஆடிட்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். புதுப்பிக்கப்பட்ட கணக்கு எனப்படும் ஐடிஆர்-யு வழியாக அதைத் திருத்தினோம். வந்த 41,600 ரூபாயை வட்டியோடு திருப்பிக் கட்டி, அந்த மொத்தத்தின்மேல் 25 சதவீதம் கூடுதல் வரியும் கட்ட வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. வீட்டுக் கடனும் தள்ளிப்போனது. இருந்தாலும் இதை நட்டம் என்று நினைக்காதீர்கள் என்றார் அவர். துறை தானாகக் கண்டுபிடித்து, வேண்டுமென்றே பொய்யான விவரம் கொடுத்ததாக முடிவு செய்தால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 270ஏ பிரிவின்படி வரியின் 200 சதவீதம் அபராதம் விழும். 277-ஆம் பிரிவில் வழக்குத் தொடரவும் இடமுண்டு. கணக்கைத் தயாரித்தவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்கப்படுவது கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான்.

பத்து சதவீதக் கமிஷனைப் பற்றிக் கேட்டபோது ஆடிட்டரின் முகம் மாறியது. 1949-ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, இது போலக் கிடைக்கும் பலனைப் பொறுத்தோ சதவீத அடிப்படையிலோ கட்டணம் வாங்குவது தொழில் ஒழுங்கீனம். அப்படிக் கேட்பவர் ஒன்று ஆடிட்டராக இருக்க மாட்டார், அல்லது தன் உறுப்பினர் உரிமையையே பணயம் வைப்பவராக இருப்பார். யார் வேண்டுமானாலும் பிறருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம் என்பதால் கடைக்குக் கடை 'டாக்ஸ் கன்சல்டன்ட்' பலகை தொங்குகிறது. உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி, பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்க நமக்கு ஐந்து நிமிடம் ஆகாது.

இதே ஆளிடமோ இதே போன்ற வேறொருவரிடமோ கணக்குக் கொடுத்தவர்கள் உடனே செய்ய வேண்டியது, ஆதார் ஓடிபி மூலம் கடவுச்சொல்லை மாற்றி, சுயவிவரத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் எண்ணையும் பதிந்துகொள்வது. அதன்பின் ஒப்புகைச் சீட்டை அல்ல, முழுப் படிவத்தைத் தரவிறக்கி, கழிவுகள் உள்ள பகுதியை வரி வரியாகப் படியுங்கள். 'நிலுவையில் உள்ள நடவடிக்கைகள்' பகுதியையும் பாருங்கள். ஐடிஆர்-யு வழியாகத் திருத்துவதற்கான கால அவகாசத்தை 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 24 மாதத்திலிருந்து 48 மாதமாக நீட்டியிருக்கிறது. ஆனால் தாமதிக்கத் தாமதிக்கக் கூடுதல் வரி 25-லிருந்து 50, 60, 70 சதவீதம் என்று ஏறும். 2023-இல் தாக்கல் செய்த கணக்குக்கு 2025 மார்ச் 31-ஓடு 25 சதவீதக் கட்டம் முடிந்துவிட்டது. 2024-இல் தாக்கல் செய்ததற்கு அந்தக் கட்டத்தின் கடைசி நாள் 2026 மார்ச் 31. துறை மறுமதிப்பீட்டைத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

எங்கள் பள்ளியிலிருந்து சிலர் சேர்ந்து, வரி ஏய்ப்புக்குத் துணைபோவதாக அவர்மீது துறையின் இணையதளத்தில் மனு கொடுத்திருக்கிறோம்; சேவைக் குறைபாட்டுக்காகத் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். அவருக்குக் கமிஷன் அனுப்பிய பரிவர்த்தனை விவரம், வாட்ஸ்அப் உரையாடல், ஓடிபி கேட்டு அழைத்த நாளின் அழைப்புப் பதிவு ஆகியவை உங்களிடம் இருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள். தனித்தனியாகப் போவதைவிட ஒரே மனுவில் பலருடைய படிவங்களை வரிசையாக வைத்தால், ஒரே மின்னஞ்சல் முகவரியும் ஒரே மாதிரியான தொகைகளும் பக்கத்துக்குப் பக்கம் தெரியும் என்று வழக்கறிஞர் சொல்கிறார்.