லீன் ஆலோசகரை மூன்று மாதம் வைத்துப் பார்த்தோம்: ஒரு பனியன் கம்பெனி அனுபவம்

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் 32 மிஷின் போட்டு டி-சர்ட் தைத்துக் கொடுக்கிறோம், ஜாப் ஒர்க். போன வருடம் கோவையிலிருந்து ஒரு லீன் (வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைக்கிற முறை) ஆலோசகர் வாரம் ஒரு நாள் வந்தார். மொத்தம் 12 வருகை, 60,000 ரூபாய். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு" என்று நினைத்துத் தள்ளிப்போடுகிற எங்களைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் நாள் அவர் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. கழுத்து ரிப் (கழுத்துப் பட்டை) அடிக்கிற ஓவர்லாக் (ஓரம் தைக்கிற) மிஷின் பக்கத்தில் என்னை ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னார். லீனுக்கு அடிப்படையான டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய பொறியாளர் தாய்ச்சி ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, மேனேஜர்களை அதற்குள் நிற்கவைத்து வேலையைக் கவனிக்கச் சொல்வாராம். எட்டு வருடமாக அந்த ஹாலில் நடக்கிறேன், ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றது அன்றைக்குத்தான். ரிப் மிஷினுக்கு முன்னால் ஆறு பண்டல் குவிந்து கிடக்கிறது. அடுத்த பேட்லாக் (ஃபிளாட்லாக், தையலைப் படியவைக்கிற மிஷின்) டெய்லர் பீஸ் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். கைமடி அக்காவிடம் கேட்டேன். "பீஸு வந்தாத்தானுங்க அம்மிணி மடிச்சுக் குடுக்க முடியும். தெனமும் பத்தரை மணிக்கு இப்படித்தானுங்க" என்றார். தினமும்! எனக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கணக்குப் போட்டோம். ஷிப்டுக்கு 480 நிமிடம், லைனுக்கு 960 பீஸ் வேண்டும். அப்படியென்றால் 30 விநாடிக்கு ஒரு பீஸ் வெளியே வரவேண்டும். ரிப் அடிக்க 45 விநாடி ஆனது. அந்த ஒரு மிஷினில் 640 பீஸுக்கு மேல் வராது, மற்ற டெய்லர்களை எவ்வளவு விரட்டினாலும் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தோம். மூலையில் சும்மா நின்ற ஓவர்லாக் ஒன்றை ரிப்புக்கே கொடுத்தோம். அந்த வாரமே எட்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

60 பீஸ் பண்டலை 12 ஆகக் குறைக்கச் சொன்னபோது கட்டிங் மாஸ்டர் உட்பட யாருக்கும் பிடிக்கவில்லை, பண்டல் கட்டுகிற வேலை கூடுகிறதே என்று. ஆனால் முன்பு ஒரு தடவை நேவி உடம்புக்குக் கொஞ்சம் ஷேடு மாறிய ரிப்பை அடித்து, செக்கிங் டேபிளில் கண்டுபிடிப்பதற்குள் 240 பீஸ் போய்விட்டது. அத்தனையும் பிரித்து அடித்தோம். இப்போது அதே தப்பு நடந்தபோது பேட்லாக் டெய்லர் முதல் கட்டிலேயே கையில் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். 12 பீஸோடு போயிற்று. எனக்கு அந்த 60,000 ரூபாய் அன்றைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஃபைவ் எஸ்ஸும் செய்தோம், அதாவது வேண்டாததை அகற்றி இடத்தை ஒழுங்காக வைக்கிற முறை. பழைய லேபிள், காலி கோன், கட்டிங் வேஸ்ட் எல்லாம் வெளியே போய் ஒரு டேபிள் போடுகிற அளவுக்கு இடம் கிடைத்தது.

குறை ஒன்று இருக்கிறது, பெரிய குறை. எந்த டெய்லரையும் எந்த மிஷினுக்கும் மாற்றலாம் என்று போர்டில் அம்புக்குறி போட்டாரே தவிர, அவர்களுக்குக் கூலி எப்படிப் போடுகிறோம் என்று கேட்கவில்லை. எங்களிடம் பாதிப் பேர் பீஸ் ரேட், தைத்த பீஸுக்கு ஏற்பத்தான் கூலி. பழகிய மிஷினை விட்டு மாறினால் அன்றைய சம்பளம் குறையும். இரண்டாவது மாதம் நல்ல டெய்லர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவரிடம் சொன்னதற்கு, "அது ஹெச்ஆர் பார்க்க வேண்டியது மேடம்" என்றார். எங்கள் கம்பெனியில் ஹெச்ஆர் என்றால் நானும் கணக்குப் பையனும்தான். அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் சொன்ன 14 கொள்கைகளில் 'பயத்தைப் போக்கு' என்பதை முதல் வாரம் பாடமாக நடத்தியவரே இவர்தான். வேறு மிஷினுக்கு மாற்றுகிற நாளில் கடந்த மூன்று மாத சராசரிக் கூலி குறையாது என்று நாங்களாகவே எழுதிக் கொடுத்தோம். ஒருவர் திரும்பி வந்தார்.

தினம் நிரப்பச் சொன்ன ஒன்பது படிவங்களில் மணிக்கொரு தடவை பீஸ் எண்ணிக்கை எழுதுகிற போர்டு மட்டும் நிலைத்தது. அதையும் இப்போது டெய்லர்களே எழுதுகிறார்கள்.

செலவைப் பற்றி ஒன்று. 2023-ல் மத்திய அரசு புதுப்பித்த சிறு, குறுந்தொழில் லீன் திட்டத்தில் ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதம் வரை அரசே ஏற்கிறது. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வேண்டும். நாங்கள் தெரியாமல் முழுப் பணமும் கட்டினோம், நீங்கள் முதலில் அதில் விண்ணப்பியுங்கள்.

அடுத்த லைனுக்கும் அவரையேதான் கூப்பிட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஸ்டாப்வாட்ச் எடுப்பதற்கு முன்னால் கூலி நோட்டை அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.