வேளச்சேரி பக்கம் ஒரு கவுன்சலிங் சென்டர்: ஒரு ஸ்டார், அதுவும் ஏசிக்கு

பேர் போடல, கமெண்ட்ல கேக்காதீங்க. கீழ ஜூஸ் கடை, மாடில சென்டர். பார்க்கிங் இருக்கு, ஏசி நல்லா ஓடுது, ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணு தன்மையா பேசுது.

கூட்டிட்டுப் போனது என் தம்பிய. ஜிஎஸ்டி ரோட்ல பைக் ஆக்சிடென்ட், லாரி உரசி விழுந்துட்டான், பின்னாடி உக்காந்திருந்த ஃப்ரெண்டுக்கு கால்ல ப்ளேட் வெச்சிருக்காங்க, இவன் சிராய்ப்போட தப்பிச்சான். ஆனா தூக்கம் சரியில்ல, பைக் சாவிய தொடவே மாட்டேங்குறான், சரின்னு அந்த வாரமே இங்க கொண்டுபோனோம். உள்ள போனதும் மொதல்ல கைக்கு வர்றது லேமினேட் பண்ண ரேட் கார்டு. 10 சிட்டிங் 12,000, முன்னாடியே கட்டிடணும். பையனுக்கு என்னன்னே இன்னும் கேக்கல, அதுக்குள்ள 10 சிட்டிங் வேணும்னு எப்படித்தான் தெரிஞ்சுதோ.

மொத நாளே கண்ண மூடச் சொல்லி ஆக்சிடென்ட ஆரம்பத்துலேர்ந்து சொல்லச் சொன்னாங்க. ஹாரன் சத்தம், வண்டி சறுக்குனது, ஃப்ரெண்டு கத்துனது எல்லாம் சொல்லணும், முடிஞ்சதும் மறுபடி மொதல்லேர்ந்து. நானும் பக்கத்துலதான் இருந்தேன், அவ்ளோ ஏசிலயும் அவன் சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு, நாற்காலி கைப்பிடிய விடவே இல்ல. "எல்லாத்தையும் கொட்டிடுங்க தம்பி, உள்ளயே வெச்சிருந்தா சீழ் பிடிச்சிடும்"னு மேடம் சொல்றாங்க. அன்னைலேர்ந்து ராத்திரி லாரி ஹாரன் கேட்டாலே எந்திரிச்சு உக்காந்துக்குவான், எங்க வீடு வேற மெயின் ரோட்டு மேல. மேடத்துகிட்ட போய் சொன்னா, "அதிகமாகுதுன்னா தெரபி வேலை செய்யுதுன்னு அர்த்தம்"ங்கறாங்க. கொறஞ்சாலும் வேலை செய்யுது, கூடுனாலும் வேலை செய்யுது, அப்ப வேலை செய்யலன்னு எத வெச்சுதான் சொல்றது? எனக்கு கோவம் வந்தது இந்த இடத்துலதான்.

இது ஏதோ புதுசா வந்த சந்தேகமும் இல்ல. ரோடு ஆக்சிடென்ட்ல அடிபட்டு ஆஸ்பத்திரில சேர்ந்தவங்களுக்கு, நடந்தத விலாவாரியா பேச வெக்கிற ஒரு மணி நேர சிட்டிங்க உடனே குடுத்து இங்கிலாந்துல சோதிச்சுப் பாத்திருக்காங்க, மூணு வருஷம் கழிச்சு வந்த ரிசல்ட் 2000ல வெளியாச்சு. ஆரம்பத்துல ரொம்ப பாதிக்கப்பட்டிருந்தவங்கள்ல சிட்டிங் கெடைக்காதவங்க தானா தேறிட்டாங்க, கெடைச்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. அதுக்கப்புறம் பல ஆய்வுகள சேத்து அலசிட்டு, இப்படி கட்டாயப்படுத்தி பேச வெக்கிறத நிறுத்தணும்னே எழுதியிருக்காங்க. நடந்தத திரும்ப சொல்ல வெக்கிற முறையான ட்ரீட்மென்ட்டும் இருக்கு, அது நல்ல ட்ரீட்மென்ட்தான், ஆனா அத மொத நாள்ல ஆரம்பிக்க மாட்டாங்க, ஆள தயார் பண்ணி, பாதிப்பு ஏறுதா எறங்குதான்னு அளந்துகிட்டே போவாங்க. இங்க அளந்தது ஃபோன் டைமர் மட்டும்தான்.

இன்னொன்னு. ஸ்பீடா ஓட்டுனது தன் தப்போன்னு உள்ளுக்குள்ள அரிக்குதுன்னு அவன் தனியா சொன்னத, மேடம் அம்மாவுக்கு ஃபோன் போட்டு சொல்லிட்டாங்க, அவனுக்கு என்ன 15 வயசா, 24 ஆகுது. அம்மா அவன் தட்டுல சோறு போட்டுகிட்டே ஆரம்பிச்சாங்க, பாதில எழுந்து போயிட்டான். 2017 மனநலச் சட்டத்துல ரகசியம் காக்கணும்னு பிரிவு 23ன்னு ஒன்னே இருக்கு.

அப்புறம்தான் சுவத்துல மாட்டியிருந்த சர்டிபிகேட்ட கிட்ட போய் பாத்தேன், எல்லாம் ஆன்லைன் டிப்ளமா. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணி சிஆர்ஆர் நம்பர் இருக்கணும். போற எடத்துல அந்த நம்பர கேளுங்க, ஒழுங்கானவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. இவங்க "நாங்க ஹோலிஸ்டிக்"னு சொன்னாங்க.

இப்ப கவர்மென்ட் ஆஸ்பத்திரி சைக்கியாட்ரி ஓபில காட்டுறோம். கூட்டம், வரிசை, ஃபேன் கூட சரியா ஓடல, ஆனா அந்த டாக்டர் மொத நாள் ஆக்சிடென்ட பத்தி ரெண்டே கேள்விதான் கேட்டாரு, மிச்ச நேரமெல்லாம் தூக்கம், சாப்பாடு, வேலை பத்திதான். இப்ப ராத்திரி தூங்குறான், பைக் இன்னும் எடுக்கல. உங்க ஊர்ல யாரும் இல்லன்னா டெலிமானஸ்னு கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன் இருக்கு, 14416க்கு அடிங்க, ஃப்ரீதான், தமிழ்லயே பேசலாம்.

ரீஃபண்ட் கேட்டேன். பணம் திரும்பத் தர மாட்டோம்னு பில்லுக்குப் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்காங்களாம், வேணும்னா மிச்ச சிட்டிங்க வீட்ல வேற யாருக்காவது மாத்திக்கலாமாம். அம்மாவ அனுப்பிடலாமான்னு தம்பி கேக்குறான்.