ஆர்15 வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: கழற்றிய சைலன்சர் எங்கே போகிறது?

யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி போன்ற வண்டிகளை வாங்கி, அலங்காரத்துக்காக மாடிஃபிகேஷன் கடையில் விடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக மாட்டும் பொருளுக்கு அநியாய விலை வைப்பார்கள், மட்டமான சரக்கைத் தலையில் கட்டுவார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. அதற்குத் தயாராகத்தான் எல்லோரும் போகிறோம். என்னை ஏமாற்றியது வண்டியிலிருந்து கழற்றிய பொருளில்.

என்னுடையது பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி காலத்து ஆர்15 வி3. 2008இல் முதல் ஆர்15 வந்ததிலிருந்தே அந்த வண்டியின் கவர்ச்சி, சின்ன என்ஜினுக்கு யமஹாவின் பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்கான ஆர்1இன் சாயல் கிடைத்ததுதான். அந்தச் சாயலை இன்னும் கொஞ்சம் நெருங்கிவிட வேண்டும் என்கிற ஆசை இந்தக் கடைகளுக்குச் சோறு போடுகிறது. பின்னால் தொங்கும் மட்கார்டு போக வேண்டும், இண்டிகேட்டர் சிறுக்க வேண்டும், சத்தம் கனக்க வேண்டும், பந்தய வண்டியின் ஸ்டிக்கர் ஏற வேண்டும். எனக்கும் அதே பட்டியல்தான்.

பொருள்களைச் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரித்து வாங்கினேன். மாட்டும் வேலையைப் புறநகரில் ஒரு கடையில் கொடுத்தேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. உரிமையாளர் இனிக்க இனிக்கப் பேசுகிறவர். “சைலன்சர் மாற்றக் கூலியே வேண்டாம் தம்பி. பழையதை வீட்டுக்குக் கொண்டுபோனால் துருவேறிவிடும். இங்கேயே இருக்கட்டும், வேண்டும்போது வந்து மாட்டிக்கொள்ளுங்கள்” என்றார். ஒரு பெட்ரோல் டேங்க் மூடிக்குக்கூடக் காசு கேட்கிற தொழிலில் இந்தத் தாராளம் எதற்கு என்பது பிறகுதான் விளங்கியது.

சில மாதங்கள் கழித்து வாகனச் சோதனையில் போக்குவரத்துக் காவலர்கள் நிறுத்தி, சத்தத்துக்காக அபராதம் எழுதி, பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். கடைக்குப் போனேன். உள்ளேயிருந்து எடுத்துவந்து மாட்டிக் கொடுத்தார்கள். என் வண்டியின் சைலன்சர்தான், அடிப்பக்கத்து உராய்வுத் தழும்புகூட அப்படியே இருந்தது. ஆனால் ஓட்டும்போது உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் ஒரு சத்தம். சிக்னலில் நின்றால் புகை நெடி மூக்கில் ஏறியது. அடுத்த புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள்.

எனக்கு வழக்கமாக சர்வீஸ் செய்து தரும் மெக்கானிக் அண்ணன் சைலன்சரைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார். “எடை குறைகிறதே” என்றார். மேலே மூடியிருக்கும் வெப்பத் தகட்டின் திருகுகளை எடுத்ததும் தெரிந்தது: குழாயைச் சுற்றி வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடும். இது அங்கங்கே தடித்து, அங்கங்கே இளைத்து, அதன்மேல் கறுப்பு ஸ்பிரே பெயிண்ட். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது.

உள்ளே இருந்து எடுத்தது கேட்டலிடிக் கன்வர்ட்டர். தேன்கூடு போல நுண்துளைகள் கொண்ட ஓர் உருளை. நச்சுப் புகையைத் தணிக்கும் வேலையைச் செய்வது அதன்மேல் பூசப்பட்ட பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள். பூச்சு மிக மெல்லியதுதான், ஆனாலும் பழைய இரும்பு வியாபாரத்தில் அதற்குத் தனி விலை உண்டு. இலவசக் கூலியின் கணக்கு அங்கே தீர்ந்துவிட்டது. புதிய சைலன்சருக்கு ஷோரூமில் சொன்ன விலை, அந்தக் கடையில் நான் செலவழித்த மொத்தத் தொகையையும் தாண்டியது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் மட்கார்டோடு சேலைக் காப்பையும் கேட்காமலே கழற்றிவிட்டார்கள். அது திரும்பி வரவே இல்லை. பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறவனுக்கு, சேலை சக்கரத்தில் சிக்கும் என்று சொல்ல விதியே தேவையில்லை. இண்டிகேட்டருக்கு, ஒயரை வெட்டாமலே செருகிவிடக்கூடிய கப்ளரோடு இணைப்பு ஒயர் கிடைக்கிறது. இவர்கள் கம்பெனி ஒயரையே வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். முதல் மழையிலேயே ஃபியூஸ் போயிற்று. ஸ்டிக்கரை உரித்தபோது டேங்கின்மேல் கத்திக் கோடுகள். ஒட்டியபின் வண்டியின் மேலேயே வைத்து அறுத்திருக்கிறார்கள். விரலை ஓட்டினால் பெயிண்ட் வெட்டுப்பட்டிருப்பது தட்டுப்படுகிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தப் பொறுப்பு வண்டி உரிமையாளருக்கு. மாட்டிக் கொடுத்தவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். வண்டியின் நிறத்தையே மாற்றுகிற அளவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால், ஆர்.சி. புத்தகத்திலும் அதைப் பதிய வேண்டும்.

இதற்குப் பிறகும் கடைக்குப் போகிறவர்கள், கழற்றிய ஒவ்வொரு திருகையும் அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வண்டியை விடும் முன்பு சைலன்சரின் எல்லா வெல்டிங் இணைப்புகளையும் அருகில் வைத்துப் படமெடுங்கள், முடிந்தால் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். “சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விரட்டினால் வேறு கடை பாருங்கள். பில் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் பால்பாயிண்டில் எழுதிய ஒரு தொகை மட்டுமே. பணத்தைக் கைப்பேசி வழியாக அனுப்பியிருந்ததால்தான் இன்று என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அது சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். புகார் விஷயம் எட்டியதும் உரிமையாளர் கைப்பேசியில் அழைத்தார். “எதற்குத் தம்பி இதெல்லாம்? வண்டியைக் கொண்டுவாருங்கள், புது டிசைன் வந்திருக்கிறது, ஸ்டிக்கர் முழுதும் இலவசமாக ஒட்டித் தருகிறேன்” என்றார். கன்வர்ட்டரைப் பற்றிக் கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.